வசூலுக்குப் போன கடனை சிபில் ரிப்போர்ட்டில் சரிசெய்வது எப்படி? வடசென்னைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

2021 பிப்ரவரியில் ராயபுரத்தில் ஒரு டீக்கடை வாசலில் நின்று, 12,000 ரூபாயை எண்ணி ஒருவர் கையில் கொடுத்தேன். டூவீலர் லோனில் ஐந்து டியூ பாக்கி. ஊரடங்குக் காலத்தில் நான் வேலை பார்த்த கிளியரிங் ஆபீஸில் பாதிச் சம்பளம்தான் தந்தார்கள். "இதோட முடிச்சுத் தர்றேன் சார், இனிமே ஒரு போனும் வராது" என்றார் வசூலுக்கு வந்தவர். சொன்னபடி போன் வரவில்லை. 2023இல் திருவொற்றியூரில் ஒரு சின்ன ஃப்ளாட்டுக்கு வீட்டுக்கடன் கேட்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. என் சிபில் ரிப்போர்ட்டில், அதாவது நான் வாங்கிய கடன்களின் பதிவில், அந்த லோன் 'ரைட் ஆஃப்' என்று கிடந்தது. பாக்கி 31,000 ரூபாய். நான் கொடுத்த பணம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. என்னிடம் ரசீதும் இல்லை. திரும்பவும் முதலிலிருந்து கட்டித்தான் அதை முடித்தேன்.

அதன் பிறகு எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் யாருக்குக் கடன் தொல்லை என்றாலும் ரிப்போர்ட்டை எடுத்து உட்கார்ந்து பார்க்கிறேன். பார்த்தவரையில் எல்லோரும் செய்கிற தவறு ஒன்றுதான். போனில் ஒருவர் மிரட்டியதும், அல்லது இனிக்கப் பேசியதும், முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு காகிதத்தைத் தேடுகிறார்கள். அதைத் தலைகீழாக மாற்ற வேண்டும். முதலில் காகிதம், பிறகு பணம். கீழே சொல்லும் படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். நடுவில் எதையும் தாண்டாதீர்கள்.

முதல் படி: நான்கு ரிப்போர்ட்டையும் எடுங்கள்

'சிபில்' என்பது நம் ஊரில் எல்லாக் கடன் பதிவுக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. உண்மையில் இந்தியாவில் இப்படி நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். நான்கும் 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். 2017 ஜனவரி முதல் இது விதி. அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பான் எண்ணும் செல் நம்பரும் கொடுத்து எடுக்கலாம். நடுவில் 'மாதம் இவ்வளவு கட்டினால் தினமும் பார்க்கலாம்' என்று ஒரு பக்கம் வரும். அதைக் கடந்து இலவசம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிரவுசிங் சென்டரில் எடுத்தால் ஓ.டி.பி.யை நீங்களே தட்டுங்கள். வேலை முடிந்ததும் அந்தக் கம்ப்யூட்டரில் உங்கள் பி.டி.எஃப். தங்காமல் அழித்துவிட்டு வாருங்கள்.

ஒரு ரிப்போர்ட் போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஒன்றில் தவறு திருத்தப்பட்டு, இன்னொன்றில் அப்படியே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். மகளிர் குழுக் கடன் வாங்கியவர்கள் கிரிஃப் ஹைமார்க் ரிப்போர்ட்டைத் தவறாமல் எடுக்க வேண்டும். குழுக் கடன் பதிவுகளைத் திரட்டுவதில் அது பழைய கை. "தம்பி, நான் பேங்க்லயே லோன் வாங்கினதில்ல, எனக்கு ஏது சிபில்?" என்று எங்கள் தெரு அக்கா ஒருவர் கேட்டார். எடுத்துப் பார்த்தால் அவர் பெயரில் மூன்று குழுக் கடன்கள் இருந்தன. வாராவாரம் கட்டியதெல்லாம் அதில் ஏறியிருந்தது. கட்டாமல் விட்ட வாரங்களும் ஏறியிருந்தன.

அச்சடித்து ஒரு ஃபைலில் போடுங்கள். மேலே இருக்கும் கன்ட்ரோல் நம்பரை வட்டமிட்டு வையுங்கள். பிறகு புகார் எழுதும்போது அது வேண்டும்.

இரண்டாவது படி: வரி வரியாகப் படியுங்கள்

300 முதல் 900 வரை போகும் அந்த ஸ்கோரைப் பார்த்து நெஞ்சில் கைவைத்துக்கொள்ள வேண்டாம். இப்போதைக்கு அதை விட்டுவிட்டுக் கீழே இருக்கும் கணக்குகளுக்குப் போங்கள்.

ஒவ்வொரு கணக்கிலும் கடன் கொடுத்தவர் பெயர், திறந்த தேதி, கடைசியாகப் பணம் கட்டிய தேதி, மொத்தப் பாக்கி, அதில் தேதி தாண்டிய நிலுவை, கடைசியாகத் தகவல் வந்த தேதி எல்லாம் இருக்கும். அடியில் மாதவாரியாகக் கட்டங்கள். அதைத்தான் டி.பி.டி. என்கிறார்கள். தவணை தேதியிலிருந்து எத்தனை நாள் தாமதம் என்ற கணக்கு அது. 000 என்றால் ஒழுங்காகக் கட்டியிருக்கிறீர்கள். 030, 060 என்றால் அத்தனை நாள் தாமதம். 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அந்த மாதம் தகவல் வரவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் கணக்கின் நிலை. இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். 'ரைட் ஆஃப்' என்று பார்த்ததும் "பேங்க்ல தள்ளுபடி பண்ணிட்டாங்க" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அது தள்ளுபடி இல்லை. இந்தப் பணம் திரும்ப வராது என்று நிறுவனம் தன் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளும் ஒரு பதிவு மட்டுமே. நீங்கள் தர வேண்டிய கடன் அப்படியேதான் இருக்கும். வசூல் ஆளை அனுப்பும் உரிமையும் வழக்குப் போடும் உரிமையும் அவர்களிடமே இருக்கும். புதிதாகக் கடன் தருகிறவர் கண்ணுக்கு ரிப்போர்ட்டிலேயே மோசமான வார்த்தைகளில் அது ஒன்று. 'செட்டில்டு' என்றால் முழுப் பாக்கிக்குக் குறைவாக வாங்கிக்கொண்டு முடித்தார்கள் என்று பொருள். 'க்ளோஸ்டு' என்றால் முழுவதும் கட்டி முடித்தது. ரைட் ஆஃப் ஆன பிறகு கட்டினால், 'ரைட் ஆஃபுக்குப் பின் செட்டில்டு' அல்லது 'ரைட் ஆஃபுக்குப் பின் க்ளோஸ்டு' என்று வரும். 'சூட் ஃபைல்டு' என்றால் வழக்குப் போட்டிருக்கிறார்கள். அப்படி இருந்தால் மேற்கொண்டு எதுவும் செய்யாமல் முதலில் வக்கீலைப் பாருங்கள்.

உங்கள் பங்கு என்ன என்பதையும் பாருங்கள். தனிநபர், கூட்டுக் கடன், ஜாமீன்தாரர் என்று எழுதியிருக்கும். மச்சான் லோடு ஆட்டோ வாங்க நீங்கள் போட்ட ஜாமீன் கையெழுத்தும் உங்கள் ரிப்போர்ட்டில்தான் இருக்கும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவின்படி, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, ஜாமீன்தாரருக்கும் பொதுவாக அதே பொறுப்பு. "நான் சாட்சிக் கையெழுத்துதானே போட்டேன்" என்பது அங்கே எடுபடாது.

மூன்றாவது படி: இது உங்கள் கடன்தானா?

நம் பக்கத்து ஆட்களுக்குப் பெயர்க் குழப்பம் அதிகம் வரும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆதாரில் இனிஷியல் பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக, ரேஷன் கார்டில் வேறு எழுத்துக்கூட்டல். அதே பெயர், அதே பிறந்த வருடம் உள்ள இன்னொருவரின் கடன் உங்கள் ரிப்போர்ட்டில் வந்து ஒட்டிக்கொள்ளலாம். ஆகையால் கணக்கு எண், தொகை, தேதி, முகவரி நான்கையும் ஒத்துப் பாருங்கள்.

முகவரி இன்னொரு சிக்கல். பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவு எண். வாரியக் குடியிருப்பை இடித்துக் கட்டும்போது வேறு ஏரியாவில் வாடகைக்குப் போய்விடுகிறோம். நோட்டீஸ் எல்லாம் பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பிவிடும். நமக்கு ஒன்றும் வரவில்லை என்பதால் ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகாது.

கடன் உங்களுடையது இல்லை, அல்லது கட்டி முடித்தும் பாக்கி காட்டுகிறது என்றால், எந்த நிறுவனத்தின் ரிப்போர்ட்டில் தவறு இருக்கிறதோ அதன் தளத்திலேயே 'டிஸ்ப்யூட்' எழுப்புங்கள். கட்டணம் இல்லை. கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் அதே நாளில் தனியாக ஈமெயில் போடுங்கள். ஏன் இரண்டு இடத்தில் என்றால், சிபில் தானாக ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது. கடன் கொடுத்தவரைக் கேட்டு, அவர் சரி என்றால்தான் மாற்றும்.

30 நாளுக்குள் இது தீர வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவு போட்டது. 2024 ஏப்ரல் கடைசியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. கடன் கொடுத்தவர் 21 நாளுக்குள் திருத்திய தகவலை அனுப்ப வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. புகாரில் உங்கள் வங்கிக் கணக்கு விவரத்தையும் சேர்த்து எழுதுங்கள். என் விஷயம் நடந்தபோது இந்த விதி இல்லை. இருந்திருந்தால் அத்தனை மாதம் அலைந்திருக்க மாட்டேன். தயவுசெய்து இதைப் பயன்படுத்துங்கள்.

நீங்கள் வாங்காத கடன் ஒரு ஆப் வழியாக உங்கள் பான் எண்ணில் ஏறியிருந்தால் அது மோசடி. 1930க்கு அழைத்து சைபர் கிரைம் புகார் பதியுங்கள். அந்தப் புகார் எண்ணை டிஸ்ப்யூட்டோடு இணையுங்கள்.

நான்காவது படி: கடன் இப்போது யார் கையில்?

உங்களுக்குப் போன் செய்கிறவர் மூன்று வகையில் ஒருவராக இருக்கலாம். கடன் கொடுத்த நிறுவனத்தின் ஊழியர். அந்த நிறுவனம் கமிஷனுக்கு அமர்த்திய வசூல் ஏஜென்சி ஆள். அல்லது கடனையே விலைக்கு வாங்கிவிட்ட சொத்து மறுசீரமைப்பு நிறுவனம், அதாவது ஏ.ஆர்.சி. முதல் இரண்டிலும் பணம் போக வேண்டியது கடன் கொடுத்தவரின் கணக்குக்கு. மூன்றாவதில் ஏ.ஆர்.சி.யின் கணக்குக்கு. இது தெரியாமல் பழைய நிறுவனத்தில் போய்க் கட்டிவிட்டு, "உங்க லோன் எங்ககிட்ட இல்லையே" என்ற பதிலோடு திரும்பிய ஆட்கள் உண்டு.

போனில் இதைத் தீர்த்துக்கொள்ள முடியாது. "சார், எந்த நிறுவனம், எந்தக் கணக்கு எண், உங்களுக்கு அனுமதி கொடுத்த கடிதம் எங்கே, எல்லாம் ஈமெயில்ல அனுப்புங்க, பார்த்துட்டுப் பேசுறேன்" என்று சொல்லிவிட்டு வையுங்கள். சத்தம் போட வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். 'கட்டிவிடுகிறேன்' என்றும் சொல்ல வேண்டாம், 'கட்ட மாட்டேன்' என்றும் சொல்ல வேண்டாம். பிறகு கடன் கொடுத்த நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு நீங்களே எழுதுங்கள். அவர் ஈமெயில் அந்த நிறுவனத்தின் தளத்தில் புகார் பக்கத்தில் இருக்கும். நான் எழுதித் தருவது ஏறக்குறைய இப்படி:

"என் பெயரில் உள்ள இந்தக் கணக்கு எண்ணுக்கான கடன் தொடர்பாக எனக்கு அழைப்புகள் வருகின்றன. இந்தக் கடன் தற்போது யாரிடம் உள்ளது, வேறு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டிருந்தால் எந்தத் தேதியில் மாற்றப்பட்டது, வசூலுக்கு அமர்த்தப்பட்ட ஏஜென்சியின் பெயர் என்ன ஆகியவற்றைத் தெரிவிக்கவும். கடன் ஒப்பந்த நகல், தொடக்கம் முதல் இன்று வரையான கணக்கு அறிக்கை, அசல், வட்டி, அபராதம், இதர கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் பட்டியல் ஆகியவற்றை அனுப்பவும். இந்தக் கடிதம் தகவல் கோரி மட்டும் எழுதப்படுகிறது. இதைக் கடனை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளக் கூடாது."

அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். காரணம் ஆறாவது படியில் வருகிறது.

பிரித்துக் காட்டும் பட்டியல் வந்ததும் உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். 42,000 அசலுக்கு 1,08,000 கேட்கிறார்கள் என்றால் நடுவில் என்னென்ன ஏறியது என்று தெரிய வேண்டும். அபராதத்தை வட்டியாகப் போடக் கூடாது, அபராதக் கட்டணத்தின் மேல் வட்டி ஏற்றவும் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. 2024 ஏப்ரல் முதல் எடுத்த கடன்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். பழைய கடன் என்றாலும் பேரத்தில் உங்கள் கைக்கு வலு சேர்க்கும் விவரம் இது.

ஐந்தாவது படி: வாசலில் வந்து நிற்பவர்கள்

இதைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், காசிமேட்டில் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகில் கூலிக்குப் போகிறவர் வீட்டில் வருமானம் நின்றுவிடும். வாரத் தவணை நிற்காது. அந்த நாட்களில் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, தெருவே கேட்கும்படி பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது.

இதற்கெல்லாம் எல்லை இருக்கிறது. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் பாக்கிக்காக அழைக்கக் கூடாது. மிரட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, பொது இடத்தில் அவமானப்படுத்தக் கூடாது. குடும்பத்தார், நண்பர்கள், லோன் ஃபாரத்தில் நீங்கள் பெயர் கொடுத்தவர்கள் ஆகியோரின் தனிமையிலும் தலையிடக் கூடாது. வங்கி, நிதி நிறுவனம், ஏ.ஆர்.சி. எல்லோருக்குமாக ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் போட்ட உத்தரவு இது. குழுக் கடனுக்கு இன்னும் கடுமை: காலை 9 முதல் மாலை 6 வரைதான். இருவரும் ஒத்துக்கொண்ட ஒரு இடத்தில்தான் வசூல். அங்கே நீங்கள் தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராமல் போனால்தான் வீட்டுக்கே வரலாம். ஏஜென்சி செய்கிற தவறுக்குக் கடன் கொடுத்த நிறுவனமே பொறுப்பு.

மீறினால் தேதி, நேரம், எண், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதிப் புகார் செய்யுங்கள். மிரட்டல், கைகலப்பு என்றால் தயங்காமல் காவல் நிலையம் போங்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். தண்டல், மீட்டர் வட்டிக்காரர்கள் கதை வேறு. அவர்கள் சிபிலில் வரவே மாட்டார்கள். ஆனால் அவர்களுக்கு எதிராக 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. வற்புறுத்திக் கடன் வசூலிப்பதைத் தடுக்க 2025இல் இன்னொரு சட்டத்தையும் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது.

"கட்டலன்னா ஜெயில்" என்று மிரட்டினால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் போவது உரிமையியல் விவகாரம், குற்றம் அல்ல. நீங்கள் கொடுத்த செக் பவுன்ஸ் ஆனால் அது தனி. செக் பவுன்ஸ் நோட்டீஸ் வந்தால் கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாள்தான் அவகாசம். அதைப் பீரோவில் போட்டு வைக்காதீர்கள்.

ஆறாவது படி: கடைசியாகக் கட்டிய தேதியைப் பாருங்கள்

காலவரம்புச் சட்டம், 1963. அடமானம் இல்லாத பணக் கடனுக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் கெடு. அந்த மூன்று ஆண்டுக்குள் நீங்கள் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலோ, அதற்குள் ஒரு சிறு தொகை கட்டி அது எழுத்தில் பதிவானாலோ, அன்றிலிருந்து கெடு புதிதாக ஓடத் தொடங்கும். "சும்மா ஒரு 500 ரூபாய் போடுங்க சார், கேஸ் போகாம பார்த்துக்கிறேன்" என்று சொல்வதன் பின்னால் இதுவும் இருக்கலாம். கெடு முடிந்த பிறகும்கூட, கட்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது புது ஒப்பந்தம் ஆகிவிடும்.

ஆனால் மூன்று ஆண்டு முடிந்தால் எல்லாம் போயிற்று என்று கொண்டாட வேண்டாம். கெடு முடிந்தால் வழக்குப் போடும் வழிதான் அடைபடும். கடனும் அழியாது, ரிப்போர்ட்டும் மாறாது. ஏழு வருடத்தில் ரிப்போர்ட்டிலிருந்து தானாக மறைந்துவிடும் என்று யூடியூபில் சொல்கிறார்களே, அது அமெரிக்கக் கணக்கு. நம் ஊர் விதி குறைந்தது ஏழு ஆண்டு பதிவை வைத்திருக்க வேண்டும் என்கிறது. குறைந்தது ஏழு என்பதும் ஏழோடு முடிந்தது என்பதும் ஒன்றல்ல. என் கருத்தைக் கேட்டால், நாம் வாங்கிச் செலவழித்த பணம் என்றால், நியாயமான தொகைக்குப் பேசிக் கட்டி முடிப்பதே நல்லது. கெடு விவரம் பேரத்துக்கு உதவட்டும்.

தேதி குழப்பமாக இருந்தால் இலவச சட்ட உதவியைக் கேளுங்கள். தமிழ்நாடு மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழு நம் பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது சட்டம்.

ஏழாவது படி: பேரம்

இரண்டு வழிதான். முழுப் பாக்கியையும் கட்டி 'க்ளோஸ்டு' வாங்குவது, அல்லது குறைத்துக் கட்டி 'செட்டில்டு' வாங்குவது. செட்டில்மென்ட்டில் பணம் மிச்சம். ஆனால் அந்த வார்த்தை ரிப்போர்ட்டில் நெடுநாள் நிற்கும். சமரசம் செய்துகொண்டவருக்கு அதே நிறுவனம் குறைந்தது 12 மாதத்துக்குப் புதுக் கடன் தரக் கூடாது என்று 2023 ஜூன் மாத ரிசர்வ் வங்கி வழிமுறையும் இருக்கிறது. விவசாயக் கடனுக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு.

இரண்டு, மூன்று வருடத்துக்குள் வீட்டுக்கடன் எடுக்க வேண்டியவர் என்றால் முழுதாகக் கட்டுவதற்குப் பேசுங்கள். அசலும் வட்டியும் தருகிறேன், அபராதத்தையும் இதர கட்டணத்தையும் நீக்கி 'க்ளோஸ்டு' என்று ஏற்றுங்கள் என்று கேளுங்கள். சில இடத்தில் ஒத்துக்கொள்வார்கள். கையில் அவ்வளவு இல்லை, வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் என்றால் செட்டில்மென்ட்டுக்கே போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்தக் கடனைத் தீர்க்க மீட்டர் வட்டிக்கு வாங்குவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். பின்னால் கையில் காசு சேர்ந்ததும், அவர்கள் விட்டுக்கொடுத்த மீதியையும் கட்டி 'க்ளோஸ்டு' ஆக மாற்றச் சொல்லிக் கேட்கலாம்.

முதல் தொகைக்கே தலையாட்டாதீர்கள். ஒரே தவணையில் தர முடியும் என்பதைச் சொல்லிப் பேசுங்கள். முடியாத தொகையை மூன்று தவணையில் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டு இரண்டாவதில் தவறினால், பெரும்பாலும் ஒப்பந்தமே ரத்தாகிவிடும், அதுவரை கட்டியது பழைய பாக்கியில் கழியும். லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், பேசி முடிப்பதும் நல்ல வழி. அங்கே ஆகும் உத்தரவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதனால் கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

எட்டாவது படி: கடிதம் வந்த பிறகு கட்டுங்கள்

பேசியது எல்லாம் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், அதன் அதிகாரபூர்வ ஈமெயிலிலிருந்து வர வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்பிக் கட்டாதீர்கள். கடிதத்தில் கணக்கு எண், தொகை, கட்ட வேண்டிய தேதி, கட்ட வேண்டிய வங்கிக் கணக்கு, கட்டியபின் எத்தனை நாளில் பாக்கி இல்லை என்ற நோ டியூ சான்று தருவார்கள், ரிப்போர்ட்டில் எந்த நிலையாக ஏற்றுவார்கள் ஆகிய ஆறும் இருக்க வேண்டும். ஆறில் ஒன்று இல்லை என்றாலும் திருப்பி அனுப்பிக் கேளுங்கள். "இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள கட்டலன்னா ஆஃபர் போயிடும்" என்பார்கள். போனால் போகட்டும், மாதக் கடைசியில் அவர்களே மறுபடி அழைப்பார்கள்.

கடிதம் உண்மைதானா என்று நோடல் அதிகாரிக்கு அனுப்பி உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு நிறுவனத்தின் பெயரில் உள்ள லோன் கணக்குக்கே நெஃப்ட் அல்லது டி.டி. மூலமாகக் கட்டுங்கள். ஒரு ஆளின் சொந்த ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. கையில் ரொக்கமும் கூடாது. நான் டீக்கடை வாசலில் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள்.

வண்டிக் கடன் என்றால் நோ டியூ சான்றோடு, ஆர்.சி.யில் இருக்கும் கடன் பதிவை, அதாவது ஹெச்.பி.யை, நீக்குவதற்கான 35ஆம் எண் படிவமும் கேட்டு வாங்குங்கள். வீட்டுப் பத்திரம் அடமானத்தில் இருந்தால் முழுதும் கட்டிய 30 நாளில் அசல் பத்திரம் திரும்ப வர வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று 2023 டிசம்பர் முதல் விதி.

ஒன்பதாவது படி: ரிப்போர்ட் மாறும்வரை விடாதீர்கள்

2025 ஜனவரி முதல் கடன் நிறுவனங்கள் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது தகவல் அனுப்ப வேண்டும். ஆகவே ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து நான்கு ரிப்போர்ட்டையும் மறுபடி பாருங்கள். இலவச ரிப்போர்ட்டை ஆரம்பத்திலேயே எடுத்துவிட்டீர்கள் என்றால் இந்த முறை சின்னக் கட்டணம் ஆகலாம். அந்தச் செலவு செய்யத் தகுந்ததுதான். பாக்கி பூஜ்யமா, கடிதத்தில் ஒத்துக்கொண்ட நிலை வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய மாதங்களின் தாமதக் கட்டங்கள் அப்படியே இருக்கும். அவை உண்மையில் நடந்தவை என்பதால் யாரும் அழிக்க முடியாது. வியாசர்பாடி மேம்பாலத் தூணிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் 'சிபில் க்ளியர் செய்து தரப்படும்' என்று விளம்பரம் செய்கிறவர்களாலும் முடியாது. அவர்களுக்கு ஆதார், பான், ஓ.டி.பி. கொடுத்தால் இன்னொரு கடன்தான் உங்கள் தலையில் விழும்.

மாறவில்லை என்றால் நோ டியூ சான்றையும் பணம் கட்டிய ரசீதையும் இணைத்து மூன்றாவது படியில் சொன்ன டிஸ்ப்யூட். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதிலில் நியாயம் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனிடம் போங்கள். 14448 என்ற எண்ணில் வழி கேட்டுக்கொண்டு, ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். புகார் தளத்தில் பதியலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 2022 செப்டம்பர் முதல் சிபில் போன்ற நிறுவனங்கள் மீதும் அங்கே புகார் தரலாம். நிறுவனத்திடம் முதலில் புகார் செய்த தேதி அங்கே முக்கியம். அதனால்தான் ஒவ்வொரு கட்டத்திலும் ஈமெயிலில் செய்யச் சொல்கிறேன்.

இதெல்லாம் நடக்கும்போது நாலு இடத்தில் புதுக் கடனுக்கு விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விசாரணையும் ரிப்போர்ட்டில் ஏறும். வைப்புத்தொகையின் மேல் தரும் சின்ன கிரெடிட் கார்டு ஒன்று எடுத்து, லிமிட்டில் கால் பங்கு மட்டும் செலவழித்து, தேதிக்கு முன் முழுதும் கட்டி வாருங்கள். நகைக் கடனும் ரிப்போர்ட்டில் ஏறும். அதை ஒழுங்காகத் திருப்பினாலும் நல்ல பதிவுதான்.

அந்த அக்காவின் மூன்று குழுக் கடனில் ஒன்று கட்டி முடித்தும் 4,600 பாக்கி என்று காட்டிக்கொண்டிருந்தது. அவரிடம் வாரத் தவணை அட்டை இருந்தது. ஒவ்வொரு வாரமும் கையெழுத்து வாங்கி, அரிசி டின்னுக்குள் பத்திரமாக வைத்திருந்தார். அதை போட்டோ எடுத்து டிஸ்ப்யூட்டோடு இணைத்தோம். 19ஆம் நாள் பாக்கி பூஜ்யம் என்று மெசேஜ் வந்தது.